எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்காதீர்கள்: டிரைபாட் கேள்வி-பதில்

கடையில் இரண்டு டிரைபாட் காட்டினார்கள். ஒன்றின் அட்டையில் 8 கிலோ தாங்கும் என்றும், மற்றதில் 25 கிலோ தாங்கும் என்றும் போட்டிருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். 25 கிலோவையே வாங்கிவிடலாம் அல்லவா? – ஈரோடு வாசகர்

அட்டையை நம்பி வாங்காதீர்கள். தாங்கும் எடையை எப்படி அளப்பது என்பதில் கம்பெனிகளுக்குள் பொது வரையறை எதுவும் இல்லை. ஒருவர் கால் வழுக்காமல் நிற்கும் எடையைப் போடுவார். இன்னொருவர் உடையும்வரை ஏற்றிப் பார்த்துப் போடுவார். டிரைபாட் உடைந்து படம் கெட்டதாக யாரும் எனக்கு எழுதியதில்லை. நடுங்கித்தான் கெடுகிறது. ஆகவே பார்க்க வேண்டியது விறைப்பு.

அதைக் கடையிலேயே சோதிக்கலாம். கால்களுக்கு நடுவே மேலும் கீழும் நகரும் நடுத்தண்டைத் தூக்காமல், கால்களை முழுக்க நீட்டி நிறுத்துங்கள். தலைப்பகுதியைப் பிடித்து, இறுகிப்போன ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பதுபோல் இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள். மேலிருந்து அழுத்திப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. மட்டமான டிரைபாட்கூட அழுத்தத்தைத் தாங்கிவிடும். முறுக்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும்.

அடுத்து, உங்களிடம் உள்ள மிக நீளமான லென்ஸுடன் கேமராவை மாட்டுங்கள். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, டிரைபாட் காலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். எழுத்து துள்ளும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அடங்கிவிட்டால் நல்ல சரக்கு. ஐந்து எண்ணியும் ஆடிக்கொண்டிருந்தால் அட்டையில் 50 கிலோ என்று எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கால் குழாயின் பருமனையும் பாருங்கள். ஒரே உலோகம், ஒரே சுவர்த்தடிமன் என்றால், 25 மி.மீ. விட்டமுள்ள குழாயைவிட 32 மி.மீ. குழாய் ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். ஐந்து துண்டுகளாக மடங்கும் டிரைபாட் பைக்குள் அழகாக அடங்கும். ஆனால் அதன் கடைசித் துண்டு மெலிந்து போயிருக்கும், இணைப்புகளும் அதிகம். மூன்று துண்டு, மிஞ்சிப்போனால் நான்கு துண்டு போதும்.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா? பத்தாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். – திருநெல்வேலி வாசகர்

அலுமினியம். மலை ஏறுகிறவர்களுக்கு கார்பன் வரப்பிரசாதம்: எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். ஆனால் விலையைக் குறைக்க மெல்லிய கால்களோடு வரும் கார்பனைவிட, தடித்த கால்கள் கொண்ட அலுமினியம் எவ்வளவோ மேல். மிச்சப்படும் பணத்தை ஹெட்டில், அதாவது கேமராவை மாட்டும் தலைப்பகுதியில் போடுங்கள். கால் உறுதியாக இருந்து, பால் ஹெட் (உருண்டையில் சுழலும் ஹெட்) பூட்டிய பிறகும் மெல்லத் தலைகுனிந்தால் என்ன பயன்?

நான் ஆறடி உயரம். நடுத்தண்டை முழுக்கத் தூக்கினால்தான் குனியாமல் பார்க்க முடிகிறது. – சேலம் வாசகர்

தூக்காதீர்கள். மூன்று கால்களுக்குக் காசு கொடுத்துவிட்டு, கேமராவை ஒற்றைக் கம்பத்தின் உச்சியில் நிறுத்துகிற வேலை அது. வாங்கும்போது ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். ஆறடி ஆளுக்குக் கண் மட்டம் சுமார் 170 செ.மீ. ஹெட்டுக்கு 10 செ.மீ., கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வரை 8 செ.மீ. கழித்தால், நடுத்தண்டு இல்லாமல் 150 செ.மீ. நிற்கும் கால்கள் போதும். இருப்பதையே வைத்துச் சமாளிப்பதானால் கேமராவைத் தாழ்த்தி, மடங்கும் திரையைப் பார்த்து எடுங்கள்.

கனமான டிரைபாட்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் மாலை நேரப் படங்கள் துல்லியமாக விழுவதில்லை. – நாகர்கோவில் வாசகி

குற்றவாளி டிரைபாட்டாக இருக்காது. உங்கள் விரலைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். பொத்தானை அழுத்தும்போதே கேமரா அசைகிறது; 2 வினாடி டைமரோ ரிமோட்டோ வையுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே கண்ணாடி எழும்பி அடிக்கும் அதிர்வு வேறு இருக்கிறது. 1/30 வினாடியிலிருந்து 1 வினாடி வரையிலான ஷட்டர் வேகங்களில் அது படத்தில் தெரியும். லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்தபடி எடுத்தால் கண்ணாடி முன்பே எழும்பி நின்றுவிடும்.

லென்ஸில் அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைச் சரிசெய்ய முயன்று, சில லென்ஸ்கள் தாமே படத்தை நகர்த்திவிடும். புதிய மாடல்கள் பல, டிரைபாட்டில் இருப்பதைத் தாமாகவே உணர்ந்துகொள்ளும், கையேட்டில் பாருங்கள்.

இன்னொன்று: கேமராவின் கழுத்துப் பட்டை. உங்கள் ஊர்க் காற்றுக்கு அது படபடவென்று அடித்து, கேமராவை உலுக்கும். கழற்றிவிடுங்கள், அல்லது ஹெட்டைச் சுற்றிக் கட்டுங்கள். டிரைபாட் ஆடாமலிருக்க நடுத்தண்டின் அடியிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடும்போதும் அது காற்றில் ஊசலாடாமல், அடிப்பகுதி தரையைத் தொட்டபடி இருக்கட்டும்.

கொடைக்கானலில் 50 மி.மீ. லென்ஸில் 30 வினாடி வைத்து நட்சத்திரங்களை எடுத்தேன். எல்லாம் கோடு கோடாக வந்துவிட்டன. டிரைபாட்டை மாற்ற வேண்டுமா? – திண்டுக்கல் வாசகர்

பூமியை நிறுத்தினால்தான் உண்டு. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அந்த நகர்வைத்தான் படம் பிடித்திருக்கிறீர்கள். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ. எண்) வகுத்தால் எத்தனை வினாடி வைக்கலாம் என்று தோராயமாகக் கிடைக்கும். முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 50 மி.மீ.க்கு 10 வினாடி, 24 மி.மீ.க்கு 20 வினாடி. சிறிய சென்சார் என்றால் குவியத் தூரத்தை 1.5ஆல் பெருக்கிவிட்டு வகுங்கள்.

டிரைபாட் ஆடியதா என்று அறிய, படத்தில் முன்னால் இருக்கும் மரத்தைப் பாருங்கள். கிளைகள் கூர்மையாக இருந்து, நட்சத்திரங்கள் மட்டும் வழுவழுப்பான கோடுகளாக இருந்தால் டிரைபாட் நிரபராதி. கோடுகள் கோணல்மாணலாக நெளிந்திருந்தால்தான் அதைத் திட்ட வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று, 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தை இரவில் எடுக்கிறேன். ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை. – ராமநாதபுரம் வாசகர்

நீங்கள் நிற்கும் பாலமே அதிர்கிறது. எவ்வளவு உறுதியான டிரைபாட்டும் தரையின் அதிர்வைக் கேமராவுக்கு அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். வண்டி இல்லாத இடைவெளிகளில், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) கூட்டி, ஒரு வினாடிக்கும் குறைவான படங்களாகப் பலவற்றை எடுங்கள். ஆடாதவற்றைப் பொறுக்கிக் கணினியில் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், ஐஎஸ்ஓ கூட்டியதால் படத்தில் விழும் புள்ளி இரைச்சல் குறைந்துவிடும். என்னைக் கேட்டால் கரைக்கு இறங்கிவிடுங்கள். கோணமும் அங்கே நன்றாக இருக்கும், பஸ்ஸுக்கும் ஒதுங்க வேண்டாம்.

தனுஷ்கோடியில் அலைக்குள் நிறுத்தி எடுத்துவிட்டு வந்தேன். இப்போது கால்களைத் திருகினால் நறநற என்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? – மதுரை வாசகர்

வேண்டவே வேண்டாம். எண்ணெய் மணலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். திருகு லாக்கை முழுக்கக் கழற்றிக் காலை உருவுங்கள். உள்ளே, இரண்டு பாதிகளாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். எது மேல், எது கீழ் என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு தொடுங்கள். எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். புரிகளில் சிக்கிய மணலைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தெடுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்ததும், புரிகளில் மட்டும் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு தடவிப் பூட்டுங்கள்.

அடுத்த முறை அலைக்குள் இறங்கினால், மெலிந்ததானாலும் கடைசித் துண்டையே முதலில் நீட்டுங்கள். லாக் தண்ணீருக்கு மேலே இருக்கும். மணலில் நிறுத்தியதும் மேலிருந்து அழுத்திக் கால்களைப் புதையவிடுங்கள். ஒவ்வோர் அலையும் பாதத்தடியில் மணலை அரித்துக்கொண்டு போவதால், அலை திரும்பியதும் மட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதுமலை சஃபாரிக்கு 150-600 மி.மீ. லென்ஸும் டிரைபாட்டும் கொண்டுபோகலாமா? – கோவை வாசகி

லென்ஸைக் கொண்டுபோங்கள். வண்டிக்குள் டிரைபாட் விரிக்க இடம் இருக்காது. ஒரு துணிப்பையில் அரிசியோ பயறோ முக்கால் பங்கு நிரப்பி, வாய் தைத்து, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்த பிறகு எடுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் டிரைபாட் வைக்க விடுவார்களா? – கும்பகோணம் வாசகர்

இந்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம் அது. அங்கே டிரைபாட்டுக்கு முன் அனுமதி வேண்டும். காவலரிடம் கெஞ்சிப் பயனில்லை, துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.