அரசங்கன்று

கேள்வி: அரசுக்குள் மதம் நுழையலாமா? கடவுள் நம்பிக்கையை வீட்டோடு வைத்துக்கொண்டால் என்ன?
(வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்)

பதில்: அது கிடக்கட்டும். அரசே எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டது, முதலில் அதைக் கேளுங்கள். காகம் எச்சமிட்ட புண்ணியத்தில் பின்சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று. ஐந்தாறு இலைதான். வேறு ஊரென்றால் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வன்னியில் அதற்குக் கூட்டம் வைக்க வேண்டியிருக்கிறது. “கொஞ்சம் வளரட்டும், அடியில் ஒரு பிள்ளையாரை வைப்போம்” என்றார் பக்கம் வடிவமைக்கும் தம்பி. “நாங்கள் வைக்க முன்னம் புத்தர் வந்து இருந்துவிட்டால்?” என்றார் கணக்குப் பார்க்கும் அக்கா. கட்டடக்காரருக்கு ஒரே கவலை, வருகிறவர் வாடகை தருவாரா என்பது. வெட்டுவோம் என்றால் அதற்கும் ஆளில்லை. அரசில் கை வைத்தால் சைவத்துக்குப் பாவம், பொலிசுக்கு வழக்கு.

சரி, உங்கள் கேள்வி. நுழையலாமா என்று நீங்கள் படலையில் நின்று கேட்கிறீர்கள். அது 1972இலேயே உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்துவிட்டது. அந்த ஆண்டு வந்த இலங்கை அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை 1978இல் 9ஆம் உறுப்புரையானது: பௌத்தத்துக்கு முதன்மை இடம், அதைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை. அடுத்த 10ஆம் உறுப்புரையில் எல்லோருக்கும் மதச் சுதந்திரம். ஒன்பதுக்கும் பத்துக்கும் எவ்வளவு தூரம் என்று முல்லைத்தீவு செம்மலை நீராவியடிப் பிள்ளையாரைக் கேளுங்கள். 2019 செப்டம்பரில், வேறிடத்தில் தகனம் செய்யும்படி நீதிமன்றம் சொல்லியும், ஒரு பிக்குவின் உடலை அந்தப் பிள்ளையாருடைய கேணிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எரித்தார்கள்.

எனக்கு நம்பிக்கையோடு கோபமில்லை. புத்தரைக் கும்பிட வருகிறவர் பூத்தட்டோடு வருவார். எல்லைக்கல்லோடு வருவது தொல்பொருள் திணைக்களம்.

எங்கள் ஆட்களையும் விடுவதாயில்லை. அதே 2019இல், சிவராத்திரி நேரம், மன்னார் திருக்கேதீச்சரச் சிவன் கோயில் வளைவைப் பிடுங்கியது கொழும்பிலிருந்து வந்தவர்களா? பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள். அதைக் கண்டித்து எழுதியதற்குக் கத்தோலிக்க வாசகர் சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். கண்டித்தது காணாது என்று சைவ வாசகர் சிலரும் நிறுத்தினார்கள். மதநல்லிணக்கம் அவ்வளவுதான். சைவ வாக்காளர் நிறைந்த காங்கேசன்துறையில் கிறிஸ்தவரான தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் திரும்பத் திரும்ப வென்ற காலமும் இருந்தது. இப்போது வேட்புமனுவுக்கு முதலே வேட்பாளரின் நெற்றிக்குத் திருநீறு வந்துவிடுகிறது. கோயில் பரிபாலன சபைத் தேர்தலைப் பற்றி எழுதமாட்டேன் என்று வீட்டில் சத்தியம் செய்திருக்கிறேன்.

இன்னொன்று. வன்னியும் மரந்தான், அதன் இலையும் பிள்ளையாருக்கு உகந்ததுதான். அரசுக்குப் பதிலாக அதை நடலாம் என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. உங்கள் பக்கம் கன்று இருந்தால் அனுப்பிவையுங்கள். அதற்கடியில் ஒருவரும் வந்து குந்தமாட்டார்கள். விஜயதசமி மானம்பூத் திருவிழாவுக்குக் கிளை கேட்டுத்தான் வருவார்கள்.