சின்ன நகரம் ஒன்றில் ஊருக்குப் பொதுவாக பேஸ்போல் மைதானம் அமைப்பதென்றால் முதலில் எதைத் திட்டமிட வேண்டும்?

வடக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். புல், வேலி, லைட் எல்லாம் அப்புறம்.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். காணி கிடைக்கும் போல இருக்கிறது, கமிட்டியில் ஏழெட்டுப் பேர், அதில் பேஸ்போல் விளையாடத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ, கூட்டத்துக்குக் கூட்டம் பவிலியனைப் பற்றியே பேச்சு. சரிதானே?

நான் கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தில் படம் வரைகிறவன். இஞ்சினியர் இல்லை, பேஸ்போல் ஆடியவனும் இல்லை. "நீ யார் சொல்வதற்கு" என்று கேட்கப் போகிறவர்களுக்காக இதை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரு மைதானத்தைக் கெடுத்த அனுபவம் மட்டும் இருக்கிறது.

மட்டக்குளிப் பக்கம் என் மகள் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) பேஸ்போல் டீம் ஒன்று இருந்தது. கிரிக்கெட் நாட்டில் இது எதற்கு என்பவர்கள் எல்லே என்ற நம் நாட்டு விளையாட்டை மறந்துவிட்டார்கள். மூங்கில் தடியால் அடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைக்கு பேஸ்போல் அந்நியம் இல்லை. ஜப்பான் உதவியில் கட்டிய நல்ல மைதானம் தியகமவில் இருக்கிறது, ஆனால் அதற்கு 138 பஸ்ஸில் ஹோமாகம போய் அங்கிருந்து த்ரீவீல் பிடிக்க வேண்டும். பள்ளி விட்டுப் போய் வருகிற தூரமா அது? அதனால் பள்ளிக்குப் பின்னால் கால்வாயோரம் சும்மா கிடந்த காணியில் சின்னதாக ஒன்று போடலாம் என்று பெற்றோர் முடிவெடுத்தோம்.

பெரியவர்களின் மைதானத்தில் பேஸுக்குப் பேஸ் (ஓடித் தொடுகிற நான்கு மூலைகள்) 90 அடி, அடிக்கிறவர் நிற்கிற மூலையான ஹோம் பிளேட்டில் இருந்து பந்து எறிகிற இடம் 60 அடி 6 அங்குலம். அவ்வளவு இடம் எங்களிடம் இல்லை. சிறுவர் அளவு 60 அடியும் 46 அடியும். ஹோம் பிளேட்டில் இருந்து வேலிக்கு 200 அடி வைத்தால் அந்தக் கால்வட்டமே கிட்டத்தட்ட 115 பேர்ச்சஸ் வரும். கோட்டுக்கு வெளியே விடுகிற இடம் வேறு. எங்கள் காணி அதற்கு மட்டுமட்டாகப் போதும். படம் வரைய என்னிடம் தந்தார்கள்.

கேட் இருந்தது கிழக்குப் பக்கம், அதன் அருகே கூரை போட்ட பழைய மேடை. கமிட்டித் தலைவர், "தம்பி, விருந்தினர் அந்த மேடையில்தான் இருப்பார்கள், அவர்களுக்கு முன்னால் ஆட்டம் நடக்கிற மாதிரிப் போடுங்கள்" என்றார். நானும் கேட்டைத் தாளின் அடியில் வைத்து, அதன் மேலே ஹோம் பிளேட், அதற்கும் மேலே நான்கு பேஸும் சேர்ந்த வைர வடிவம் என்று அழகாக வரைந்துவிட்டேன். வடக்கு அம்புக்குறி போடவில்லை. இருபது வருடமாகப் படம் வரைகிறவன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

திறப்பு விழா காலை ஒன்பது மணிக்கு. அடிக்கிற பிள்ளை மேற்கே பார்த்து நிற்கிறாள், சூரியன் அவள் முதுகில். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளைகள் நிஜமாக விளையாடுவது பள்ளி முடிந்து, பின்னேரம் நாலரைக்கு மேல்தானே. முதல் கிழமையே என் மகள், "அப்பா, போல் தெரியுதில்ல" என்றாள். பயம் என்று நினைத்தேன். மூன்றாவது நாள் பந்து தாடையில் பட்டது. ஹெல்மெட் இருந்ததால் பல் தப்பியது, மூன்று தையல். மறுநாள் நானே போய் ஹோம் பிளேட்டில் நின்று பார்த்தேன். எறிகிறவளின் தலைக்கு மேலே நேராகச் சூரியன். கையே தெரியவில்லை, பந்து எங்கே தெரியப் போகிறது.

அதற்குப் பிறகுதான் விதிப்புத்தகத்தைத் தேடிப் படித்தேன். ஹோம் பிளேட்டில் இருந்து எறிகிறவர் வழியாக இரண்டாம் பேஸுக்குப் போகிற கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று அதில் அச்சிட்டே இருக்கிறது. இலவச அறிவுரை, நான்தான் கேட்கவில்லை.

தண்ணீர் அடுத்தது. எறிகிறவர் நிற்கிற பந்து மேடு மட்டும் உயரமாக, மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி மட்டமாக வேண்டும் என்று மண் வெட்டுகிற பெக்கோக்காரரிடம் நின்று வேலை வாங்கினோம். மட்டமான தரையில் தண்ணீர் போக வழியில்லை. மேட்டில் இருந்து வெளியே 100 அடிக்கு அரை அடி முதல் ஒரு அடி வரை சரிவு இருந்திருக்க வேண்டும். ஒக்டோபர் மழையில் பிள்ளைகள் அதில் கடதாசிக் கப்பல் விட்டார்கள். மலிவு என்று கொட்டிய கிரவலில் கல் வேறு, சறுக்கி விழுந்தவர்களின் முழங்காலைப் பார்க்க முடியாது. மணலும் களியும் கலந்து சலித்த மண் கேளுங்கள், விலை கூடத்தான்.

இந்தத் தண்ணீரைப் பொது வடிகாலுக்கு விட ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினோம். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தது. கொழும்பில் பிறந்தவன், சிங்களம் சரளமாகப் பேசுவேன். ஆனால் அரச கடிதத்தின் சிங்களம் வேறு சிங்களம். பக்கத்து வீட்டு சிங்கள ஆன்ட்டியே இரண்டு தரம் வாசித்துத்தான் சொன்னார், அவர்கள் பார்வையிட வருகிற நாள் முந்தாநாளே போய்விட்டது என்று. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று அந்த அலுவலகங்களில் மேசைக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஒரு தாளை இரண்டு மொழியில் அடிக்க இன்னும் என்ன வேண்டும்? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஹோம் பிளேட்டை மேற்கு மூலைக்கு மாற்றினோம். முதல் தடவைச் செலவில் பாதியை விழுங்கியது அப்போது ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைத் தடுக்கக் கட்டிய பின்தடுப்புத்தான். ஜீ.ஐ. பைப், வெல்டிங், கொங்கிரீட் என்று போட்டதைப் பிடுங்கக் காசில்லை. அது இப்போது சென்டர் ஃபீல்டில், அதாவது இரண்டாம் பேஸுக்கும் அப்பால், கோல் போஸ்ட் மாதிரி நிற்கிறது, அதற்கு மேலால் அடித்தால் ஹோம் ரன் என்று பிள்ளைகளே சட்டம் வைத்திருக்கிறார்கள். புதிய பக்கத்துக்கு முகத்துவாரத்தில் வாங்கிய பழைய மீன்வலையைக் கட்டியிருக்கிறோம். பந்தை நன்றாகவே பிடிக்கிறது.

உங்கள் படத்தை முடிந்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வடக்கு அம்புக்குறியோடு.