ஆட்டுக்கால் சூப் குடித்தால் முட்டி வளருமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. முட்டிவலி என்று போனதில் 'மூட்டுத் தேய்மானம்' என்று சொல்லிவிட்டார்கள். எலும்பே தேய்ந்துவிடுமா? பக்கத்து வீட்டு அக்கா, "முட்டியில எண்ணெய் வத்திப்போச்சு, நடக்காம உட்காருங்க, ஆட்டுக்கால் சூப் குடிங்க, வளர்ந்துடும்" என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: முதலில் தேய்வது எலும்பு இல்லை, அதன் முனையில் படிந்திருக்கும் குருத்தெலும்பு. சூப் பேச்சு வந்துவிட்டதால் கறிக்கடையிலேயே பார்த்துவிடலாம். ஆட்டுக்காலை மூட்டில் பிரிக்கும்போது எலும்பின் நுனி வெள்ளையாக, லேசாக நீலம் பாய்ந்து, விரல் வைத்தால் வழுக்குமே, அதுதான். நம் முட்டியில் அது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான்.

அதில் முக்கால் பங்கு தண்ணீர். கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிய வலைக்குள் அந்தத் தண்ணீர் சிக்கியிருக்கிறது. நடக்கும்போது முட்டியில் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. தண்ணீர் சட்டென்று வெளியேற முடியாததால் பாரத்தில் பெரும்பகுதியை அதுவே தாங்கிக்கொள்கிறது, எலும்புக்கு அடி நேராக விழுவதில்லை. கூடவே மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவமும் சேர்ந்துகொள்ள, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி சறுக்குவதைவிட உராய்வு குறைவு! (எண்ணெய் வற்றிய கதையும் சரியில்லை, வீங்கிய முட்டியில் இந்தத் திரவம் கூடத்தான் செய்யும்.)

சரி, நடக்கலாமா? குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு பெரும்பாலும் அந்தத் திரவத்திலிருந்துதான், கால் வைக்கும்போது பிழிந்து, எடுக்கும்போது பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அம்மாவை நாள் முழுக்க உட்காரவைத்தால் பட்டினி போடுகிறீர்கள் என்று அர்த்தம். நரம்பும் இல்லை, அதனால்தான் தேய ஆரம்பிக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை, சுற்றியிருக்கும் சவ்வும் அடியிலிருக்கும் எலும்பும் பாதிக்கப்பட்ட பிறகுதான் வலிக்கிறது.

ரத்த ஓட்டம் இல்லாததால் தேய்ந்தது பழையபடி வளர்வதும் இல்லை. வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743லேயே இதை எழுதிவிட்டார், நாம்தான் இன்னும் சூப்பை நம்பிக்கொண்டிருக்கிறோம். சூப்பில் இருக்கும் கொலாஜன் வயிற்றில் செரித்துச் சிறு துண்டுகளாகிவிடும், நேராக முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. ருசிக்காகக் குடிக்கட்டும், தப்பில்லை.

சமதரையில் தாங்கும் அளவு நடை, அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டிக் கொஞ்ச நேரம் பிடித்து இறக்குவது: தொடைத் தசை வலுவானால் முட்டிக்குப் பாரம் குறையும். எடை அதிகம் என்றால் ஒரு கிலோ குறைத்தாலே எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறைகிறது. முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ பாதியில் பூட்டிக்கொண்டாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.