கரண்ட் போன பகல்

கேள்வி: கொளுத்தும் வெயிலில் பத்து மணி நேரம் கரண்ட் இல்லை. காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்தேன், வீடு அடுப்பாகிவிட்டது. 78 வயது மாமியார் தண்ணீரே கேட்பதில்லை. என்ன செய்ய?

பதில்: நானும் அதே தப்பைச் செய்தவள்தான். வீட்டைவிட வெளியே சூடு அதிகம் இருக்கும்வரை ஜன்னலைச் சாத்தி, வெயில் படும் பக்கம் திரையை இழுத்துவிடுங்கள். ராத்திரி திறக்கலாம். ஃப்ரிட்ஜைத் திறக்காவிட்டால் 4 மணி நேரம் குளிர் தாங்கும் (எங்கள் வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருவர் எட்டிப் பார்ப்பார்!).

மாமியார் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. நீங்களே அவ்வப்போது அரை டம்ளர் நீட்டுங்கள். கழுத்திலும் கைகளிலும் ஈரத்துணி போட்டு விசிறுங்கள். ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பேச்சு குழறினாலோ ஆள் தெரியாமல் தடுமாறினாலோ, உடம்பை நனைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அப்போது மட்டும் தண்ணீர் புகட்ட வேண்டாம், புரையேறிவிடும்.