சேவையும் லாபமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் தையல் நிறுவனம் ஒன்று கிராமத்துப் பெண்களுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லித் தன்னைச் ‘சமூகத் தொழில்’ என்று விளம்பரப்படுத்திக்கொள்கிறது. சேவை என்றால் இலவசமாகச் செய்ய வேண்டும், தொழில் என்றால் லாபம் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஏமாற்று என்றே எனக்குப் படுகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் இரண்டும் சேரவே முடியாது என்று முடிவு கட்டுமுன், உங்களுக்குப் பக்கத்திலேயே மதுரையில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் அதை 11 படுக்கைகளுடன் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன பின்னும் அவர் கத்தி பிடிக்கப் பழகியது பலரும் அறிந்த செய்தி. அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது அவர் போட்ட கணக்கை. பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள். அதில் மிஞ்சுவதைக் கொண்டு கட்ட முடியாதவர்களுக்குக் கண்புரை அறுவை நடக்கிறது. அறை வசதியில் வேறுபாடு உண்டு. மருத்துவர்களோ இரு பிரிவுகளிலும் முறைமாற்றிப் பணியாற்றுகிறார்கள்.

அறுவை இலவசம் என்று அறிவித்தும் தொடக்கத்தில் பலர் வரவில்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி ஆகியவை ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. எனவே ஊர்களில் நடத்தும் கண் பரிசோதனை முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுவிடும் ஏற்பாடு வந்தது. இத்தனையையும் தாங்க வேண்டுமென்றால் செலவு குறைந்தாக வேண்டும். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு கண்ணை முடித்து அவர் நுண்ணோக்கியைத் திருப்பும்போது அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். தயார்செய்யும் உதவியாளர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். ஊருக்குக் கிடைத்த நன்மை என்று கேட்டால், பார்வைக்கு அடுத்தபடியாக இந்த வேலைகளையே சொல்வேன்.

புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை ஏழைகளுக்கு எட்டாது. அது கிடைக்காதவர்கள் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு காலம் தள்ளினார்கள். 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் தொடங்கப்பட்டு, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்கு லென்ஸைக் கொடுத்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. உபரி வருகிறது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மருத்துவமனையை நடத்துவது அறக்கட்டளை. உபரியைப் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துச்செல்ல அங்கே முதலாளி கிடையாது. அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்து முகாம் அறுவைகளுக்கு ஒரு தொகை கிடைப்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு துணை. முழுச் செலவுக்கும் அது போதாது.

ஆகவே லாபம் வருகிறதா என்று கேட்பதைவிட, வந்த லாபம் எங்கே போகிறது, விலையும் கூலியும் யாரை மனத்தில் வைத்து முடிவாகின்றன என்று கேட்பதே சரியென்று நான் நம்புகிறேன். உங்கள் ஊர்த் தையல் நிறுவனத்திலும் அந்தப் பெண்களிடமே விசாரியுங்கள்: ஒரு உருப்படிக்கு என்ன கூலி, வருங்கால வைப்புநிதி பிடித்துக் கட்டுகிறார்களா, ஆர்டர் குறையும் மாதத்தில் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? அவர்கள் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்