கண்கொத்தியா, குழிவிரியனா?

கேள்வி: காப்பிப் பழம் பறிக்கும்போது இலை நிறத்திலேயே ஒரு பாம்பு, கைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. ‘கண்கொத்திதான், பயமில்லை’ என்கிறார் ஒருவர். ‘பச்சை விரியன்’ என்கிறார் இன்னொருவர். எப்படி அடையாளம் காண்பது? கடித்தால் மருந்து உண்டா?
- வாசகி, தாண்டிக்குடி

பதில்: ஆள் கை நீட்டியும் நகராமல் கிடந்தது என்றால் விரியனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்கொத்தி சாட்டைக் கயிறு மாதிரி ஒல்லி, மூக்கு கூர், கண்பாவை கிடைக்கோடு. பச்சை விரியன் என்று அவர் சொல்லும் பெருஞ்செதில் குழிவிரியன் குட்டை, தடிமன், இரண்டடி சொச்சம். தலை முக்கோணம், கண்பாவை நெட்டுக்கோடு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி தெரியும். எலியின் உடற்சூட்டை இருட்டில் அறிவது அதனால்தான். செதில்கள் பெரியவை என்பதால் உடலின் நடுவில் 12 முதல் 15 வரிசைதான். அதுதான் பெயர்க் காரணம். (எண்ணிப் பார்க்கும் தூரத்துக்குப் போக வேண்டாம்!)

மருந்து விஷயத்தில்தான் சிக்கல். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரித்தது. குழிவிரியன் விஷத்தை அது முறிக்காது. ஒவ்வாமை வந்தால் வீண் ஆபத்து. அதனால் முடிந்தால் எட்ட நின்று ஒரு போட்டோ எடுங்கள், டாக்டருக்கு உதவும். அடித்துக் கொண்டுபோக வேண்டாம்.

பெரும்பாலும் கடும் வலியும் வீக்கமும்தான். வீங்குவதற்குள் மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையை அசைக்காமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, ஐஸ் வைப்பது எல்லாமே புண்ணைப் பெரிதாக்கும். விஷத்தால் ரத்தம் உறையாமல் போகிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள்: உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், ஆட்டாமல் 20 நிமிடம், பிறகு சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். முதல் முறை உறைந்தாலும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். திரும்பவும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கோத்தகிரிப் பக்கமும் இது உண்டா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: இல்லை. 1862இல் வனத்துறை அதிகாரி பெடோம் விவரித்த இந்தப் பாம்பு பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலை, பழனி மலை, ஏலமலைப் பக்கம்தான். உங்கள் ஊரில் லாடக் குழிவிரியன்: பழுப்பு நிறம், பிடரியில் லாடக் குறி. அது செடியில் ஏறாது. புல்வெளியில் கல்லுக்கடியில் கிடக்கும். கல்லைப் புரட்டுவதானால் கடப்பாரையால் புரட்டுங்கள், விரலை விடாதீர்கள்.