முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும்போது தனியார் பாலிசி எதற்கு? – கேள்வி பதில்

மருத்துவமனைகளின் காப்பீட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், வந்திருந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் விருதுநகரில் தையல் தொழில் செய்கிறேன். எங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளது. அது பெரிய ஆஸ்பத்திரிகளில் செல்லாது என்று சொல்லி, ஆண்டுக்கு 19,000 ரூபாய் கட்டும் பாலிசியை எடுக்கும்படி ஒரு முகவர் வற்புறுத்துகிறார். கடன் வாங்கியாவது எடுக்கலாமா?

பதில்: கடன் வாங்கி எடுக்க வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு உரிய அந்த அட்டை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அரசு மருத்துவமனைகளில் மட்டுமல்லாமல் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். முகவர் சொன்னது தவறு. ஆனால் பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கும், வெளிநோயாளியாகப் பார்த்துக்கொள்ளும் சாதாரணக் காய்ச்சலுக்கும் அது உதவாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பாலிசியைவிட உங்களுக்கு அவசரமான வேலை வேறொன்று இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரும் குடும்ப அட்டையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நள்ளிரவில் மருமகளை அனுமதித்துவிட்டு, பீரோவிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்த ஒரு மாமியாரிடம், திருமணமாகி மூன்று ஆண்டுகளாகியும் அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில்தான் இருக்கிறது என்று நான் சொல்ல நேர்ந்தது. அந்த அம்மாளின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன், வயது 34. வருமான வரம்பைத் தாண்டிவிட்டதால் அரசு அட்டை கிடைக்காது. கம்பெனி 3 லட்சத்துக்குக் காப்பீடு தந்திருக்கிறது. அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை நோய் உண்டு. தனியாகப் பாலிசி எடுப்பது வீண் செலவா?

பதில்: வீண் செலவு அல்ல, தனியார் பாலிசி உண்மையாகவே தேவைப்படுவது உங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்குத்தான். கம்பெனி தரும் காப்பீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. வேலை போய், உடம்பிலும் ஒரு நோய் வந்துவிட்ட பிறகு பாலிசி கேட்டால், ஒன்று மறுப்பார்கள், அல்லது பிரீமியத்தை ஏற்றுவார்கள். ஆகவே உடல்நலம் நன்றாக இருக்கும்போதே உங்கள் பெயரில் ஒன்று எடுத்துவிடுங்கள்.

அப்பாவை அதே பாலிசியில் சேர்க்காதீர்கள். குடும்பத்துக்குப் பொதுவான பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படுவதால், அவருக்குத் தனிப் பாலிசியே நல்லது. சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோயின் சிகிச்சைக்குப் பணம் தராமல் காக்கவைக்கும் காலம், இப்போது அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான் (2024க்கு முன்பு அது 4 ஆண்டுகளாக இருந்தது). ஆனால் மறைத்தது தெரிந்தால், காத்திருந்த ஆண்டுகளும் கட்டிய பணமும் சேர்ந்தே போய்விடும். முகவரே படிவத்தை நிரப்பி "எந்த நோயும் இல்லை" என்று எழுதிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்பதால், கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள்.

கேள்வி: 3 லட்சம் ரூபாய் பாலிசி இருந்தும், 1,80,000 ரூபாய் பில்லில் 65,000 ரூபாயை நாங்களே கட்ட நேர்ந்தது. அறை வாடகை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். நாள் வாடகையில் 3,000 ரூபாய்தானே கூடுதல், ஐந்து நாளுக்கு 15,000 என்றால் சரி. 65,000 எப்படி வந்தது? – சேலம் வாசகி

பதில்: உங்கள் பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் தங்கியது 6,000 ரூபாய் அறையில். அறை பெரிதானால் மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் கூடவே உயரும் என்பதால், அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். நீங்கள் அனுப்பிய பில்லில் வாடகை 30,000, மருத்துவர், அரங்கம் முதலியவை 1,00,000, மருந்தும் பரிசோதனையும் 50,000. முதல் இரண்டிலும் பாதி போக, 65,000 உங்கள் தலையில் விழுந்தது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு பொருந்தாது என்பதால் அந்த 50,000 முழுமையாகக் கிடைத்திருக்கிறது. பிரீமியம் சற்றுக் கூடினாலும் அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியையே எடுங்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

கேள்வி: தனியார் பாலிசி எடுத்துவிட்டால், இனி அரசு மருத்துவமனைப் பக்கமே போக வேண்டியதில்லை அல்லவா?

பதில்: அப்படி எண்ணாதீர்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். அந்த நேரத்தில் பாலிசியைத் தேடிக்கொண்டு நிற்காமல் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: பிரீமியத்துக்கு இன்னும் ஜிஎஸ்டி உண்டா?

பதில்: தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

கேள்வி: கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். வழக்குப் போட வசதி இல்லை. என்ன செய்வது?

பதில்: நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்கி, அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வீடு திரும்பும்போது மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கமான டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைக்க மறக்காதீர்கள். நோய் எப்போது தொடங்கியது என்று அதில் எழுதியிருக்கும் ஒரு வரியை வைத்துத்தான் பெரும்பாலான நிராகரிப்புகள் நிற்கின்றன. அந்த வரி தவறாக இருந்தால், சிகிச்சையளித்த மருத்துவரிடமே திருத்தக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.